ரெண்டு வெத்து வரி

இல்ல டீச்சர், உங்க புக்கிங் எங்கயும் போகல. பத்திரமா இருக்கு. மெஷின் இப்பதான் எழுந்திரிக்குது, அவ்ளோதான். வயசான மெஷின், படுத்தா எழ நேரமாகும், நம்ம முட்டி மாதிரி. வட்டம் சுத்துதுல்ல, அது நின்னதும் எந்தக் கோர்ட்டுன்னு உங்க போன்லயே வந்துரும். உங்க கூட ஆடறவங்களும் இன்னும் வரலல்ல? அப்ப பேக்க கீழ வெச்சுட்டு உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், இந்தச் சேர்ல உக்காருங்க. புதுசு. முதுகுக்கு நல்லா இருக்கும். அண்ணன் வாங்கிக் குடுத்தாரு. அதுக்கும் ஒரு கதை இருக்கு.

அண்ணனா? அங்க இருக்காரே, முதல் கோர்ட்டுல. துடைக்கிறாரு. ஆமா, காஞ்ச தரையத்தான் துடைக்கிறாரு. கவனிச்சுட்டீங்களா, டீச்சர் கண்ணுல்ல. விடுங்க, துடைக்கட்டும்.

முகம் ஒரு மாதிரியா இருக்கா? இருக்கும். நம்ப வெச்சுக் கழுத்த அறுக்கறதுன்னு சொல்வாங்கல்ல, அத இத்தன நாளா காதாலதான் கேட்டிருக்கேன். இந்த வெப்சைட்டுல இருந்து என் பேர எடுத்துட்டாங்க டீச்சர். நான் செஞ்ச வெப்சைட்டு. எனக்குத் தெரியாம எடுத்திருக்காங்க. எடுத்துக் கொஞ்ச நாளாச்சு. அதுல வேடிக்கை என்னன்னா, எடுத்த விஷயம் மெஷினுக்கே தெரியாது. அதுக்குத் தெரியாததால எனக்கும் தெரியல.

புரியலையா? சட்டுன்னு சொன்னா யாருக்குப் புரியும். முதல்ல இருந்து வரேன். வட்டம் சுத்தற வரைக்கும் நேரமிருக்கு.

இது எங்கப்பாவோட குடோன். மேசை நாற்காலி அடுக்கி வெச்சிருந்த இடம். அப்பா போனப்புறம் இத வித்துடலாம்னு எல்லாரும் சொன்னாங்க. அண்ணனும் நானுந்தான் பிடிவாதமா நின்னு பேட்மின்டன் கோர்ட்டா மாத்தினோம். தரை, வலை, லைட்டு எல்லாம் அண்ணன் பொறுப்பு. புக்கிங் வெப்சைட்டு என் பொறுப்பு. நான் ஒரு கம்பெனில இதே வேலைதான் பார்த்துட்டு இருந்தேன், இதுக்காக விட்டுட்டு வந்தேன். பின்னாடி ஷட்டில் டப்பா அடுக்கின ரூம் இருக்கே, அதுலதான் நானும் மெஷினும். ரெண்டு பேருக்கும் ஒரே ஃபேன். சூடு ஜாஸ்தியான அன்னைக்கு ஃபேன அது பக்கம் திருப்பிட்டு நான் வேர்த்து வழிஞ்சுட்டு உக்காந்திருப்பேன். எங்க வீட்டுக்காரரு கேப்பாரு, எனக்கு என்னைக்காவது இப்படி விசிறி விட்டிருக்கியான்னு.

ஆரம்பத்துல நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது, நீங்க அதுக்கப்புறம் வந்தவங்க. காலைல ஆறு மணிக்கு அடுத்த வாரத்து புக்கிங்க தொறப்போம். அத்தன பேரும் அலாரம் வெச்சு எழுந்து ஒரே நேரத்துல விரல வைப்பாங்க. பக்கம் தொறக்காது. சுத்தும், சுத்தும், சுத்திட்டே இருக்கும். பொறுமை இல்லாதவங்க திருப்பித் திருப்பி அமுக்குவாங்க, அதுல இன்னும் திணறும். கடைசில ஒரே கோர்ட்டுக்கு ரெண்டு கோஷ்டி வந்து நிக்கும், ரெண்டு பேர் போன்லயும் புக்கிங் இருக்கும். ஒரு பல் டாக்டர், பாக்க அவ்ளோ சாது, வலையப் பிடிச்சுக்கிட்டு நகர மாட்டேன்னு நின்னாரு. அண்ணன் ரெண்டு பக்கமும் கும்பிடு போட்டு அனுப்பிட்டு, உள்ள வந்து என்னைக் கிழி கிழின்னு கிழிப்பாரு.

காரணம் இதுதான். மெஷினுக்கு நான் எழுதிக் குடுக்கற கட்டளை இருக்குல்ல, யாரு உள்ள வரலாம், எந்தக் கோர்ட்டு காலி, இதெல்லாம், அத ஸ்கிரிப்ட்டுன்னு சொல்வோம். யாராவது பக்கத்தத் தொறந்தா மெஷின் அந்த ஸ்கிரிப்ட்ட எடுத்து முதல் வரில இருந்து படிக்கும். தன் பாஷைக்கு மாத்திக்கும். சொன்னத செய்யும். செஞ்ச கையோட மறந்துரும். அடுத்த ஆள் வந்தா மறுபடி முதல் வரி. ஒவ்வொரு டம்ளர் டீக்கும் சமையல் புஸ்தகத்தத் தொறந்து, தண்ணியக் கொதிக்க வைக்கவும்னு வாசிக்கிற ஆளு மாதிரி. ஒரு டம்ளர்னா சரி, வாசல்ல கூட்டமே நின்னா என்ன பண்ணும் பாவம்?

அதுக்குதான் கேஷிங் போட்டேன். ஒருதடவ படிச்சு மாத்தினத மெஷின் மனப்பாடமா வெச்சுக்கும். அடுத்த தடவ புஸ்தகத்தத் தொறக்காது, ஞாபகத்துல இருந்தே செய்யும். பெரிய வித்தை ஒண்ணும் இல்ல டீச்சர். செட்டிங்ல சில வரி. இவ்ளோ இடம் எடுத்துக்கோ, இத்தன ஸ்கிரிப்ட்ட வெச்சுக்கோன்னு சொல்லணும். அப்புறம் ஒரு வரி இருக்கு, அதுதான் விஷயமே. அப்பப்ப புஸ்தகத்தத் திரும்பிப் பாத்து, ஏதாவது மாறியிருக்கான்னு சரிபார்க்கவா வேணாமான்னு அது கேக்கும். நான் வேணாம்னு போட்டேன். எதுக்கு வீணா திரும்பித் திரும்பிப் பாக்கணும்? மாத்தறது நான் ஒருத்திதான். மாத்தினா நானே மெஷினத் தட்டி எழுப்பிவிடுவேன், அப்ப புதுசா படிச்சுக்கும். திரும்பிப் பாக்கலேன்னா இன்னும் வேகம். நம்பிக்கை இருக்கற இடத்துல சோதனை எதுக்குங்கற கணக்கு.

அதுல நானே மாட்டியிருக்கேன் தெரியுமா. போட்ட புதுசுல ஒரு லீவு நாளைக்கு நேரத்த மாத்தினேன். சேவ் பண்றேன், பக்கத்துல பழைய நேரமே நிக்குது. மறுபடி பண்றேன், பழைய நேரம். எனக்குக் கண்ணுதான் போச்சோன்னு கண்ணாடியத் துடைச்சுத் துடைச்சுப் பாக்கறேன். காலை பூரா மெஷினத் திட்டித் தீர்த்துட்டு, மத்தியானம் சோத்துல கைய வைக்கறப்பதான் உறைச்சது, அடிப்பாவி, திரும்பிப் பாக்காதேன்னு நீதானடி சொன்னேன்னு.

ஆனா கேஷிங் போட்ட மறுநாள் காலைல பாக்கணும் நீங்க. ஆறு மணிக்குப் புக்கிங் தொறந்துச்சு, அமுக்கினாங்க, வந்துச்சு. சண்டை இல்ல, சச்சரவு இல்ல. அண்ணன் அந்த ரூமுக்கு வந்து என் தலைல கைய வெச்சாரு. வெளிய போய்ப் பல் டாக்டர் கிட்ட, என் தங்கச்சி பண்ணதுன்னாரு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு டீச்சர். அதுக்காக இன்னும் நாலு மெஷின் வாங்கிக் குடுத்தாலும் பாத்துப்பேன்னு தோணுச்சு.

அண்ணியா? அவ என் கூடப் படிச்சவ. ஒரே பெஞ்சு. இந்த வீட்டுக்கு அவள நாந்தான் கொண்டு வந்தேன். கல்யாணத்துக்கு அப்புறமும் நான் அவள டி போட்டுத்தான் கூப்பிடுவேன், அதுக்கு எங்கம்மா தலைல அடிச்சுப்பாங்க. அவளும் கவுண்டர்ல உக்காருவா. ஆக வெப்சைட்டோட உள்பக்கத்துக்கு, நடத்தறவங்களுக்குன்னு இருக்கற பக்கத்துக்கு, மூணு பேர் போகலாம். முதல் ஸ்கிரிப்ட்டுல, மேலயே, மூணு பேரு இருக்கும். அண்ணன், அண்ணி, நான். வேற யாராவது நுழைய பாத்தா ஒரு வாசகம் வரும். மன்னிக்கவும், உங்களுக்கு இங்கே அனுமதி இல்லை. அந்த மன்னிக்கவும் நான் போட்டது. அண்ணன் அன்னைக்கே கேட்டாரு, நம்ம இடத்துல நாம எதுக்கு மன்னிப்பு கேக்கணும்னு. நான் சொன்னேன், வாசல்ல நிக்க வெச்சு திருப்பி அனுப்பறோம்ல, ஒரு வார்த்தை நல்லதா சொன்னா என்ன குறைஞ்சு போச்சுன்னு.

போன வருஷம் அண்ணன் கோர்ட்டுல வழுக்கி விழுந்து கால்ல கட்டுப் போட்டுட்டு வீட்டுல கிடந்தாரு, ஞாபகம் இருக்கா? வேலை இல்லாம உக்காந்தா அவருக்குப் பைத்தியம் பிடிக்கும். சரின்னு அவருக்குத் தனியா ஒரு லாகின் குடுத்து, வீட்டுல இருந்தே நேரம், கட்டணமெல்லாம் ஸ்கிரிப்ட்டுல மாத்தச் சொல்லிக் குடுத்தேன். யப்பா! மவுஸப் பிடிக்கறதே சொம்பப் பிடிக்கற மாதிரி. சேவ் எங்க இருக்கு, சேவ் எங்க இருக்குன்னு உயிர எடுப்பாரு. ஒரு பேர எடுத்தா அதுக்குப் பக்கத்துல இருக்கற கமாவையும் எடுக்கணும், விட்டா மொத்தப் பக்கமும் செத்துரும்னு நான் கத்தாத நாளில்ல. எங்க கைய வெச்சாலும் முடிச்சப்புறம் என்டர ரெண்டு தடவ தட்டுவாரு. கீழ ரெண்டு வெத்து வரி நிக்கும். எதுக்குண்ணே இதுன்னா, காத்தோட்டமா இருக்கட்டும்பாரு. மாத்தி முடிச்சா போன் பண்ணுவாரு, நான் இங்க மெஷினத் தட்டி எழுப்பிவிடுவேன். எதுக்குத் தட்டறேன்னு அவரு ஒருநாளும் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல.

இருங்க, இன்னும் சுத்துது. வந்துரும்.

கொஞ்ச நாளா அண்ணன் கிட்ட ஒரு மாற்றம். தினம் காலைல என் ரூம் வாசல்ல வந்து நிப்பாரு. எல்லாம் ஓடுதாம்மா? ஓடுதுண்ணே. உள்ள போக முடியுதா? அது என்ன கேள்வி, பேஷா போகுதுண்ணே. கழுத்தச் சொறிஞ்சுக்கிட்டே கொஞ்ச நேரம் நிப்பாரு. அப்புறம் போயிட்டு டீயோட வருவாரு. டீ! நாலு தடவ கூப்பிட்டாலும் திரும்பாத மனுஷன். சாப்டியான்னு கேட்டாரு. திடீர்னு ஒருநாள் இந்தச் சேர். உன் முதுகு போயிடும்மா, நீ இல்லேன்னா இந்த இடம் ஏதுன்னாரு. எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அண்ணியும் அப்படித்தான், தினம் ஒரு டப்பால சூப்பு கொண்டாந்து வெப்பா, நான் குடிக்கற வரைக்கும் நின்னு பாப்பா, என் கண்ண மட்டும் பாக்க மாட்டா. வீட்டுல போய்ப் பெருமையா சொன்னேன், வயசாக ஆக அண்ணனுக்குப் பாசம் பொங்குதுன்னு. எங்க வீட்டுக்காரரு பேப்பர்ல இருந்து தலையத் தூக்காம, எதையோ கேக்கப் போறான் பாருன்னாரு. ஒரு நாள் முழுக்க அவரோட நான் பேசல டீச்சர், அண்ணன அப்படிச் சொல்லிட்டாரேன்னு.

நேத்து வந்து நின்னாரு. அந்த மெஷின ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணேம்மா, சூடா இருக்குன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா ஒருதடவ அவரே அவசரத்துல பிளக்கப் பிடுங்கி, அந்த வாரத்து புக்கிங் பூராவும் போய், அதுல இருந்து மெஷின் பக்கம் யாரும் போகக் கூடாதுன்னு சட்டமே போட்டவரு. தொட்டுப் பாத்தேன். சூடே இல்ல. சரி, சொல்றாரேன்னு பண்ணப் போனேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு, நிறுத்தறதுக்கு முன்னாடி, கடைசியா எழுப்பினதுக்கு அப்புறம் எந்த ஸ்கிரிப்ட்டாவது மாறியிருக்கான்னு பாத்துட்டுத்தான் நிறுத்துவேன். மாறியிருக்காது, இப்பல்லாம் நாந்தானே மாத்தறேன். சும்மா பாக்கறதுதான், வீட்டப் பூட்டிட்டு ஒருதடவ இழுத்துப் பாப்போமே, அந்த மாதிரி.

ஒண்ணு மாறியிருந்துச்சு. தொறந்தேன். ரெண்டே பேருதான் இருக்கு. நான் இல்ல.

ஆமா, அதான் டீச்சர், இப்பப் புரிஞ்சுதா? புஸ்தகத்துல என் பேர அடிச்சாச்சு. ஆனா மெஷினத்தான் நான் திரும்பிப் பாக்காதேன்னு வெச்சிருக்கேனே. அது பழைய மனப்பாடத்துல இருந்து தினம் என்னை உள்ள விட்டுட்டே இருந்திருக்கு. நானும் தினம் சிரிச்ச முகமா உள்ள போயிட்டு வந்திருக்கேன். செத்தது தெரியாம நடமாடற மாதிரி.

நீங்களும் அதத்தான் நினைக்கறீங்க, முகத்துல தெரியுது. வேற யாரு, அண்ணிதான்னு. நானும் அப்படித்தான் நினைச்சேன். நாத்தனார் புத்தி வேற எங்க போகும்? ஒரே பெஞ்சுல உக்காந்தவ, என் சோத்த எடுத்துத் தின்னவ, இப்படிப் பண்ணிட்டாளேன்னு மனசுக்குள்ள அவள உரிச்சு உப்புக் கண்டம் போட்டுட்டேன். அப்புறம் ஸ்கிரீனத் திருப்பிப் பாத்தேன். கமாவ சரியா எடுத்திருக்கு. சுத்தமா, ஒரு பிசிறு இல்லாம. கீழ ரெண்டு வெத்து வரி.

அண்ணன். எங்கண்ணன்தான் டீச்சர்.

சேவ் பண்ணது யாரு லாகின்னு பாத்தேன், அதுவும் அவன்தான். பாக்காமலே தெரியும். ஐயோ, அவன்னு வருது வாய்ல, மன்னிச்சுக்கோங்க, இத்தன நேரம் அவருன்னுதான் சொல்லிட்டு இருந்தேன். நான் கத்திக் கத்திச் சொல்லிக் குடுத்த கமா. அத ஒழுங்கா ஒரே ஒருதடவதான் எடுத்திருக்கான், என்னை எடுக்கறப்ப.

நேரா அண்ணி கிட்ட போனேன். நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே அழுதுட்டா. நான் வேணாம்னேன்டி, கேக்கலடின்னா. நிறைய கோர்ட்டு வெச்சு நடத்தற ஒரு கம்பெனி நம்ம புக்கிங்கயும் அவங்களோடதோட சேர்த்து எடுத்து நடத்தறேன்னு சொல்லியிருக்கு. இவன் சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டான். தங்கச்சி இருக்காங்களேன்னு அவங்க கேட்டதுக்கு, அவ சும்மா உதவிக்கு வந்துட்டுப் போறவன்னு சொல்லியிருக்கான். உதவிக்கு! எங்கிட்ட நேர்ல சொல்ல வாய் வரல. பேர எடுத்துட்டா நானே உள்ள போக முடியாம வந்து கேப்பேன், அப்பச் சொல்லிக்கலாம்னு இருந்திருக்கான். நான் கேக்கவே இல்லியே! தினம் வந்து வந்து பாக்கறான், நான் பாட்டுக்குப் பேஷா போகுதுண்ணேன்னு சிரிக்கறேன். இவளுக்கு விஷயம் தெரிஞ்சும் மனசுல வெச்சுக்கிட்டே சிரிக்கறாளோன்னு பயந்துட்டானாம். அதுக்குதான் டீ. அதுக்குதான் சேர். கடைசில அந்தக் கம்பெனிக்காரன் சொல்லிக் குடுத்திருக்கான், மெஷின ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க, சரியாயிடும்னு.

இவ்ளோ தெரிஞ்சும் சூப்பு ஊத்திக் குடுத்தா பாருங்க அண்ணி, அதையும் சேர்த்துக்கோங்க.

எது வலிக்குதுன்னா, பேர எடுத்தது கூட இல்ல டீச்சர். இந்தக் கொஞ்ச நாள்தான் நான் இந்த இடத்துல ரொம்ப சந்தோஷமா இருந்த நாள். அத எங்க கொண்டு போய் வைக்கறது, சொல்லுங்க.

திருப்பி எழுதலாமே? எழுதலாம். ஒரு பேரு, ஒரு கமா, எவ்ளோ நேரமாகும். காலைல வந்து அத தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எழுதிட்டா மெஷின் ஏத்துக்கும். அவன் மனசுல அடிச்சிருக்கானே, அத எப்படித் திருப்பி எழுதறது? விட்டுட்டேன். ஒரே ஒரு வரிய மட்டும் மாத்தினேன். திரும்பிப் பாக்காதேன்னு போட்டிருந்தேன்ல, அத இனிமே ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாருன்னு மாத்திட்டேன். யாரு எத மாத்தினாலும் உடனே தெரிஞ்சுரும். ஆறு மணிக்குக் கொஞ்சம் மெதுவா இருக்கும், கோச்சுக்காதீங்க.

அப்புறம் ஆஃப் பண்ணேன். நீங்க உள்ள நுழையறதுக்குச் சித்த முன்னாடி. ஆமா, நாந்தான். அண்ணன் கேட்டாருல்ல, எந்த வேலையையும் அவரு சொல்லி நான் தட்டினதில்ல. வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் போனாரு. போய்த் துடைக்க ஆரம்பிச்சாரு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. நான் பதறிட்டு ஓடி வந்து, அண்ணே உள்ள போக முடியலயேன்னு கேப்பேன்னு காத்துட்டு இருக்காரு. அதான் தரை அவ்ளோ பளபளன்னு இருக்கு.

ஆ, நின்னுருச்சு பாருங்க. உங்க போன எடுங்க. வந்துருச்சா? மூணாவது கோர்ட்டா? நல்ல கோர்ட்டு, லைட்டு கண்ணுல அடிக்காது. நான் சொன்னேன்ல, உங்களது எங்கயும் போகாதுன்னு.

இருங்க, இங்க என் பேரையும் போட்டுப் பாத்துடறேன். ம்.

பாருங்க. படிங்களேன், நீங்களே. மன்னிக்கவும். இந்த விஷயத்துல எங்கிட்ட மன்னிப்பு கேட்டது இது ஒண்ணுதான் டீச்சர். அதுவும் நான் எழுதிக் குடுத்தது.

போங்க, உங்க ஆளுங்க வந்துட்டாங்க. போற வழில அண்ணன் கேப்பாரு, மெஷின் ஆன் ஆயிடுச்சான்னு. ஆயிடுச்சு, நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லிடுங்க.